அந்நிய மண்ணில் முழு மனது



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் நின்று உங்களுக்கு விடைகொடுத்துக்கொண்டிருந்தேன். நம் சபையின் தாய் ஒருவர் தம் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பொறியியல் படித்த அந்த இளைஞனுக்கு ஜப்பானில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் மூன்று வாரங்களில் புறப்பாடு. "எந்த ஊர், தம்பி?" என்று கேட்டேன். "நகோயா, ஐயா" என்றான். அவன் முகத்தில் மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருங்கே இருந்தன. தாயாருக்குக் கலக்கம் மட்டுமே. "ஐயா, இவன் எங்கே போனாலும் நம்மை மறந்துவிடக் கூடாது. அப்படி ஜெபம் பண்ணுங்கள்" என்றார்.

அவன் தலைமேல் கைவைத்து, அவர் கேட்டபடியே ஜெபித்தேன். ஆயினும் ஜெபத்தின் நடுவில் என் நாவு ஒரு கணம் தயங்கியது. அந்தத் தாய் கேட்டது நியாயமான விண்ணப்பம். ஆனால் அது பாதி விண்ணப்பமே என்று என் உள்ளம் சொல்லிற்று. மற்றப் பாதியைச் சொல்ல அன்று எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதைத்தான் இந்த வாரத் தியானத்தில் எழுத முயல்கிறேன்.

நகோயா என்ற பெயரைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தவர் ஒரு கால்பந்து வீரர். செர்பிய நாட்டைச் சேர்ந்த டிராகன் ஸ்டோய்கோவிச். போதகர் கால்பந்தைப் பற்றி எழுதுகிறாரே என்று வியப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். தாய்நாட்டை விட்டுப் புறப்பட்ட ஒரு மனிதன் புகுந்த மண்ணில் எப்படி நின்றான் என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது 1990-ஆம் ஆண்டு. அப்போது நான் கல்லூரி மாணவன். விடுதியின் உணவுக்கூடத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. இத்தாலியில் உலகக் கோப்பைப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. ஜூன் 30 இரவு, புளோரன்ஸ் நகரில் அர்ஜென்டினாவும் யுகோஸ்லாவியாவும் காலிறுதியில் மோதின. நாங்கள் எல்லாரும் மரடோனாவின் பக்கம். யுகோஸ்லாவியா என்றால் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எங்களில் பலருக்குத் தெரியாது.

ஆனால் ஆட்டம் நகர நகர, யுகோஸ்லாவியாவின் பத்தாம் எண் வீரர் ஒருவர் எங்கள் கண்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். நான்கு நாள்களுக்கு முன்புதான் ஸ்பெயினுக்கு எதிராகத் தம் அணி பெற்ற இரண்டு கோல்களையும் அவரே அடித்திருந்தார். அவர் அணியில் ஒருவர் அரைமணி நேரத்திலேயே வெளியேற்றப்பட்டார். மீதமிருந்த பத்துப் பேரை வைத்துக்கொண்டு, கூடுதல் நேரம் முடியும்வரை அவர்கள் அர்ஜென்டினாவுக்கு ஒரு கோலும் கொடுக்கவில்லை. பிறகு பெனால்டி உதைகளால் முடிவு காண வேண்டியதாயிற்று. யுகோஸ்லாவியாவின் முதல் உதை ஸ்டோய்கோவிச்சுடையது. பந்து கோல் சட்டத்தின் மேல்கட்டையில் மோதித் திரும்பியது. சிறிது நேரத்தில் மரடோனாவின் உதையும் தடுக்கப்பட்டது. இருந்தும் அர்ஜென்டினாவே வென்றது. விடுதியில் நாங்கள் மேசையைத் தட்டி ஆரவாரித்தோம். தோற்றவர் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார் என்று எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இருபது வயதில் அப்படியெல்லாம் எண்ணத் தோன்றுவதில்லை.

ஸ்டோய்கோவிச் 1965-இல் நிஷ் என்ற செர்பிய நகரில் பிறந்தவர். கிறிஸ்தவர்களுக்கு எதிரான துன்புறுத்தலை நிறுத்திய பேரரசன் கான்ஸ்டன்டைன் பிறந்ததும் அதே ஊரில்தான். சிறுவயதில் கார்ட்டூன் படங்களில் வரும் பிக்சி என்ற எலியின்மேல் அவருக்கு அத்தனை விருப்பம். அதனால் 'பிக்சி' என்பதே அவருடைய செல்லப்பெயராகி இன்றுவரை நிலைத்துவிட்டது. சொந்த ஊர்க் கழகத்தில் ஆடத் தொடங்கி, 1986-இல் தலைநகர் பெல்கிரேடின் புகழ்பெற்ற ரெட் ஸ்டார் கழகத்தில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் அந்தக் கழகத்தின் உயிர்நாடியாக இருந்தார். அதன் நெடிய வரலாற்றில் ஒரு சிலருக்கே கொடுக்கப்படும் 'நட்சத்திரம்' என்ற சிறப்புப் பட்டம் அவருக்கும் கிடைத்தது. 1990 உலகக் கோப்பை முடிந்ததும், பெரும் பொருள் கொடுத்து அவரைப் பிரான்சின் மார்செய் கழகம் வாங்கிக்கொண்டது. அவருடைய பரதேச வாழ்க்கை அப்போது தொடங்கியது.

தொடக்கமே நோவாக அமைந்தது. முழங்காலில் காயம், அறுவைச் சிகிச்சை, பல மாத ஓய்வு. அவர் மெல்ல மீண்டு வந்த வேளையில், 1991 மே 29 அன்று, இத்தாலியின் பாரி நகரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வந்தது. ஒரு பக்கம் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் மார்செய். எதிர்ப் பக்கத்தில் நின்றது எந்த அணி தெரியுமா? அவரை வளர்த்து ஆளாக்கிய ரெட் ஸ்டார். ஒரு வருடத்திற்கு முன்பு ஒரே அறையில் உடை மாற்றிய தோழர்கள் எதிரே நின்றார்கள்.

ஆட்டம் கோலின்றி நீண்டது. கூடுதல் நேரம் முடிய எட்டு நிமிடங்களே இருந்தபோது, பயிற்சியாளர் ஸ்டோய்கோவிச்சை மாற்று ஆட்டக்காரராக உள்ளே அனுப்பினார். முடிவு மறுபடியும் பெனால்டி உதைகளில்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் உதைக்கச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். தம்மை வளர்த்த கழகத்துக்கு எதிராக உதைக்கத் தம் மனம் இடந்தரவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். மார்செயின் முதல் உதையை அமோரோஸ் என்ற வீரர் எடுத்தார். அதை ரெட் ஸ்டாரின் கோல்கீப்பர் தடுத்தார். அந்த ஒன்றைத் தவிர மற்ற உதைகள் எல்லாம் கோலாயின. ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ரெட் ஸ்டார் கோப்பையை வென்றது. மார்செயின் கோப்பைக் கனவு அந்த இரவு உடைந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஆட்டத்தின் பதிவைப் பார்த்தபோது, இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மறுப்பு பாசமா, பயமா? பதினொரு மாதங்களுக்கு முன்புதான் புளோரன்சில் ஓர் உதை தவறியிருந்தது. முழங்கால் முழுமையாகத் தேறவும் இல்லை. மனித இருதயத்தின் ஆழத்தை மனிதராகிய நாம் அளக்க முடியாது. அவர் சொன்னதையே நான் நம்புகிறேன். பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்திற்கு மற்றொரு முகமும் உண்டல்லவா? அவர்மேல் நம்பிக்கை வைத்து வாங்கியவர்கள், காயத்தில் கிடந்தபோது காத்திருந்தவர்கள், சட்டையில் அவர் பெயரைச் சுமந்தவர்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். அவருடைய கால்கள் மார்செயின் களத்தில் நின்றன. மனம் பெல்கிரேடில் நின்றது. உதைக்க வேண்டிய வேளையில் இரண்டும் ஒன்று சேரவில்லை.

இதைக் குறை சொல்ல என்னால் முடியாது. வேதத்திலேயே இப்படிப்பட்டவர்களை நாம் சந்திக்கிறோம். பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் உட்கார்ந்து, சீயோனை நினைத்து அழுது, கின்னரங்களை மரங்களில் மாட்டிவிட்ட சிறைப்பட்டோரின் சங்கீதம் உங்களுக்குத் தெரியும். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவோம் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தேவன் கண்டிக்கவில்லை. அதைச் சங்கீதப் புத்தகத்திலேயே இடம்பெறச் செய்தார். பாரி நகரில் அந்த இரவு ஸ்டோய்கோவிச்சும் தம் கின்னரத்தை மரத்தில் மாட்டினார் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

பிரியமானவர்களே, அவரைக் குறை சொல்ல முடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. இதை நான் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நான் மிகவும் நேசித்த ஒரு சேகரத்திலிருந்து வேறோர் ஊருக்கு மாற்றப்பட்டேன். ஏழு ஆண்டுகள் ஊழியம் செய்த இடம் அது. என் பிள்ளைகள் பிறந்து நடைபயின்ற குருமனை. புறப்பட்ட நாளில் சபையார் பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தார்கள். புதிய ஊரில் நான் ஒரு கடமையையும் விடவில்லை. ஞாயிறுதோறும் பிரசங்கித்தேன்; திருவிருந்து பரிமாறினேன்; நோயாளிகளைச் சந்தித்தேன். ஆனால் வாரம் தவறாமல் பழைய ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கே யார் வீட்டுத் திருமணம் என்றாலும் ஓடினேன். "முன்பு நான் இருந்த சபையில்" என்று தொடங்காத பிரசங்கம் அபூர்வம். அதையெல்லாம் விசுவாசம் என்றும், நன்றி மறவாமை என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அந்தப் புதிய சபையில் ஒரு மூதாட்டியைக் காணச் சென்றேன். படுக்கையில் இருந்தவர். ஜெபம் முடிந்து எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல், மெல்லக் கேட்டார்: "ஐயா, நீங்கள் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்களிடம் எப்போது வருவீர்கள்?"

பதில் சொல்ல முடியாமல் வீடு திரும்பினேன். அன்றிரவு எனக்கு ஒன்று விளங்கிற்று. நான் பழைய சபையை நேசித்ததில் தவறில்லை. அந்த நேசத்தைக் காரணம் காட்டி, என்னிடம் ஒப்புவிக்கப்பட்ட ஆடுகளுக்கு என் இருதயத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதுதான் தவறு. அவர்கள் என் சம்பளத்தைக் கொடுத்தார்கள், என் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பலகாரம் கொண்டுவந்தார்கள், எனக்காக ஜெபித்தார்கள். நானோ கால்களை அங்கே வைத்து, மனத்தை வேறு ஊரில் விட்டிருந்தேன்.

இனி ஸ்டோய்கோவிச்சின் கதைக்குத் திரும்புவோம். பாரி ஆட்டம் முடிந்து ஒரு மாதம் ஆகுமுன்பே யுகோஸ்லாவியா உடையத் தொடங்கியது. ஸ்லோவேனியாவும் குரோவாசியாவும் பிரிந்தன, போர் மூண்டது. அந்தக் கோப்பையை வென்ற ரெட் ஸ்டார் அணியில் செர்பியர், குரோவாசியர், மாசிடோனியர், மொண்டெனேகிரோவினர் எல்லாரும் ஒன்றாக ஆடியிருந்தார்கள். அப்படி ஓர் அணி மறுபடியும் அமையவில்லை. ஐ.நா. விதித்த தடையின் காரணமாக, 1992 ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்த யுகோஸ்லாவிய அணி தொடங்குவதற்குச் சில நாள்களே இருக்கையில் விலக்கப்பட்டது. அதன் இடத்தில் அழைக்கப்பட்ட டென்மார்க் கோப்பையை வென்றது. 1994 உலகக் கோப்பைக்கும் அவர்களுக்கு வழியில்லை. ஒரு வீரரின் வலிமை உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் அவருக்குத் தாய்நாட்டின் சட்டை இல்லாமலே கழிந்தன. இத்தாலியின் வெரோனா கழகத்தில் ஓராண்டு, மீண்டும் மார்செய். 1993-இல் மார்செய் ஐரோப்பாவின் மிகப்பெரிய கோப்பையை வென்றபோது இறுதிக் களத்தில் அவர் இல்லை. அடுத்த ஆண்டு, ஆட்டத்தில் கையூட்டு கொடுத்த ஊழலால் அந்தக் கழகமே கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

அந்த நிலையில், 1994-இல், தம் 29-ஆம் வயதில் அவர் ஜப்பானுக்குப் போனார். ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடர் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. நகோயா கிராம்பஸ், டொயோட்டா தொழிற்சாலை அணியிலிருந்து வளர்ந்த கழகம்; பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணி. ஐரோப்பாவில் பேர்பெற்ற ஒருவருக்கு அது இறக்கம் என்றே பலர் நினைத்திருப்பர். வந்த புதிதில் அவருக்கும் பொறுமை இருக்கவில்லை. நடுவர்களோடு வாதாடி அடிக்கடி எச்சரிக்கை அட்டைகள் வாங்கினார்.

ஆனால் அந்த முதல் ஆண்டிலேயே நடந்த ஒரு காட்சியை ஜப்பானியர் இன்னும் மறக்கவில்லை. ஒரு நாள் பெருமழை. களம் முழுவதும் தண்ணீர். பந்தை உதைத்தால் இரண்டு அடி போய் நீரில் நின்றுவிடும். எல்லாரும் தடுமாறினார்கள். ஸ்டோய்கோவிச் பந்தைக் காலால் மேலே தூக்கினார். தரையில் விழவிடாமல், காலால் தட்டித் தட்டி, ஓடிக்கொண்டே அதை முன்னே கொண்டு போனார். உருளாத பந்தைக் காற்றிலே எடுத்துச் சென்றார். பிறந்த ஊரின் களம் இப்படி இருக்காது என்று முறையிடவில்லை. தாம் நின்ற களத்தில் ஆடும் வழியைக் கண்டுபிடித்தார். அந்நிய நாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிலும் நல்ல பாடம் எதைச் சொல்வேன்?

1995-இல் ஆர்சென் வெங்கர் என்ற பிரெஞ்சுப் பயிற்சியாளர் நகோயாவுக்கு வந்தார். பின்னாளில் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றவர் அவர். அவர் கீழ் அந்த அணி எழுந்தது. அவ்வாண்டின் மிகச் சிறந்த வீரராக ஸ்டோய்கோவிச் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1996 புத்தாண்டு நாளன்று நகோயா பேரரசர் கோப்பையை வென்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2000 புத்தாண்டு நாளில், மறுபடியும் வென்றது. வெங்கர் 1996-இல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஸ்டோய்கோவிச் போகவில்லை. 2001-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும்வரை ஏழு ஆண்டுகள் அந்த ஒரே ஊரில் ஆடினார்.

பாபிலோனில் இருந்த சிறைப்பட்டோருக்கு எரேமியா எழுதிய நிருபத்தை இங்கு நினைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியை உண்ணுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த ஊருக்கு நலம் உண்டாக வேண்டிக்கொள்ளுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலமும் அடங்கியிருக்கிறது என்ற கருத்தில் அந்தத் தீர்க்கதரிசி எழுதினார். கின்னரத்தை மாட்டியவர்களுக்கு வந்த கடிதம் அது. தோட்டம் போடுகிறவன் நாளைக்கே புறப்பட நினைப்பவன் அல்ல. கனி வரும்வரை இருக்க வேண்டும். நகோயாவில் ஸ்டோய்கோவிச் போட்டது அப்படிப்பட்ட தோட்டம்.

அப்படியானால் அவர் தம் சொந்த மண்ணை மறந்துவிட்டாரா? இந்தக் கேள்வியைத்தான் அந்தத் தாயின் சார்பில் நான் கேட்கிறேன்.

1999 மார்ச் 24 அன்று நேட்டோ படைகள் யுகோஸ்லாவியாவின்மீது குண்டுவீசத் தொடங்கின. கொசோவோவில் அல்பேனிய மக்கள் பட்ட துயரமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தத் துயரமும் மெய், அதை நாம் மறைக்கலாகாது. ஆனால் குண்டு விழும் ஊரில் தாயும் உறவினரும் இருப்பவனுக்கு இரவு எப்படிக் கழியும்? அந்த வாரம் நடந்த ஆட்டத்தில் ஸ்டோய்கோவிச் வழக்கம்போல் களமிறங்கி ஆடினார். தம் அணிக்கு ஒரு கோல் விழுந்ததும் சட்டையை உயர்த்திக் காட்டினார். தாக்குதலை நிறுத்தும்படி நேட்டோவைக் கேட்கும் வாசகம் உள்சட்டையில் எழுதப்பட்டிருந்தது. குண்டுவீச்சு 78 நாள்கள் நீடித்தது. மே மாதத்தில் அவர் பிறந்த நிஷ் நகரின் சந்தைப் பகுதியிலும் மருத்துவமனையை அடுத்தும் கொத்துக்குண்டுகள் விழுந்து பொதுமக்கள் மாண்டார்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் பாரி நகரில், தாய்மண்ணின்மேல் வைத்த அன்பு அவர் காலைக் கட்டிப்போட்டது. இப்போது அதே அன்பு மார்பில் எழுதப்பட்டிருந்தது. கால்களோ தடையின்றி ஓடின. பாபிலோன் அரசனின் வேலையில் ஒரு குற்றமும் காண முடியாதபடி உழைத்த தானியேல், நாளுக்கு மூன்று வேளை எருசலேமை நோக்கித் திறந்த பலகணியின்முன் முழங்கால்படியிட்டான் அல்லவா? அவனுடைய ஜெபம் அவன் வேலையைக் கெடுக்கவில்லை. அவனுடைய வேலை பலகணியை அடைக்கவுமில்லை. நான் பல ஆண்டுகள் புரிந்துகொள்ளாத காரியம் இதுவே. பழைய அன்புக்கும் புதிய பொறுப்புக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன். தேவன் அப்படிக் கேட்கவே இல்லை.

ஓய்வுக்குப் பின் ஸ்டோய்கோவிச் நாடு திரும்பினார். நான்கு ஆண்டுகள் தம் நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராகவும், இரண்டு ஆண்டுகள் ரெட் ஸ்டார் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். பிறகு 2008-இல் நகோயா மீண்டும் அழைத்தது, இம்முறை பயிற்சியாளராக. அடுத்த ஆண்டு யோகோஹாமாவில் நடந்த ஓர் ஆட்டத்தில், எல்லைக்கு வெளியே தம்மை நோக்கிப் பறந்து வந்த பந்தை, கோட்டும் தோல் காலணியும் அணிந்திருந்த அவர் நின்ற இடத்திலிருந்தே உதைத்தார். பந்து ஐம்பது மீட்டருக்கு மேல் பறந்து கோலுக்குள் விழுந்தது! அரங்கம் வியந்தது, நடுவரோ அவரை வெளியே அனுப்பிவிட்டார். பழைய குறும்பு முற்றிலும் போகவில்லை போலும். கிருபை நம்மைப் புதுப்பிக்கிறது. நம் சுபாவத்தின் சுவையை அது அழித்துவிடுவதில்லை.

2010 நவம்பரில், ஜப்பானியத் தொடரின் 18-ஆம் பருவத்தில், நகோயா முதன்முறையாகப் பட்டம் வென்றது. தொடக்க நாள் முதல் அந்தத் தொடரில் இருந்த கழகம். ஆனால் அந்த நாள்வரை பட்டம் கிட்டாத கழகம். அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளராகவும் ஸ்டோய்கோவிச்சே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆட்டக்காரராக நட்ட தோட்டம் பதினாறு ஆண்டுகள் கழித்துக் கனி கொடுத்தது.

அதன்பின் சீனாவின் குவாங்சோ நகரில் சில ஆண்டுகள் பயிற்சியளித்தார். 2021-இல் தாய்நாடு அழைத்தது. செர்பிய தேசிய அணியின் பயிற்சியாளரானார். அந்த அணியில் மித்ரோவிச் என்ற முன்கள வீரர் இருந்தார். 2020 நவம்பரில் ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய கடைசிப் பெனால்டி உதை தடுக்கப்பட்டதால்தான் செர்பியா ஐரோப்பியப் போட்டிக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தது. புளோரன்சில் மேல்கட்டையில் மோதிய பந்தின் ஒலியை முப்பது ஆண்டுகளாகச் சுமந்த ஒருவருக்கு, அந்த இளைஞனின் உள்ளத்தை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவரை ஸ்டோய்கோவிச் ஒதுக்கிவிடவில்லை. ஓராண்டு கழித்து, 2021 நவம்பர் 14 அன்று, லிஸ்பன் நகரில் போர்ச்சுகலை வென்றால் மட்டுமே நேரடியாக உலகக் கோப்பைக்குப் போகலாம் என்ற நிலை. இரண்டாம் நிமிடத்திலேயே போர்ச்சுகல் கோல் அடித்தது. செர்பியா சமன் செய்தது. மாற்று ஆட்டக்காரராக உள்ளே அனுப்பப்பட்ட மித்ரோவிச், 90-ஆம் நிமிடத்தில் தலையால் முட்டி வெற்றிக் கோலை அடித்தார்.

கத்தார் உலகக் கோப்பையில் செர்பியா ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. 2024 ஐரோப்பியப் போட்டியிலும் முதல் சுற்றோடு திரும்பியது. 2025-இல் ஸ்டோய்கோவிச்சின் பணி முடிவுக்கு வந்தது. கதைகள் எல்லாம் கோப்பையோடு முடிவதில்லை. நம்முடைய ஊழியங்களும் அப்படித்தான். ஆனால் ஒப்படைத்த களத்தில் முழு மனதோடு நின்றானா என்ற கேள்விக்கு, கோப்பை இல்லாமலும் விடை சொல்லலாம்.

அந்த மூதாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு நான் பழைய சபையை மறந்துவிடவில்லை. இன்றும் அவர்கள் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கிறேன். ஆனால் அந்த வாரம் குருமனையின் பின்புறத்தில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டேன். வீடுவீடாகப் போய், சாப்பிடச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறு ஆண்டு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். கல்லறைத் தோட்டத்தில் ஜெபத்தை முடிக்க முடியாமல் என் குரல் உடைந்தது. அப்போதுதான், நான் அந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்பதை அறிந்தேன்.

ஆகவே, அம்மா, உங்கள் மகனுக்காக அன்று நான் சொல்லாமல் விட்ட பாதி ஜெபம் இது. உங்களில் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பெங்களூருவிலும் இருக்கிறார்கள். புகுந்த வீட்டிற்குப் போன மகள்மார் இருக்கிறார்கள். புதிய அலுவலகத்தில், புதிய தெருவில், இன்னும் மனம் பொருந்தாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்காகவும் என்னோடு சேர்ந்து ஜெபியுங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, தூர தேசம் போகும் எங்கள் பிள்ளைகள் தங்களை வளர்த்தவர்களை மறவாதிருக்கச் செய்யும். அதைப் போலவே, தாங்கள் போய்ச் சேரும் ஊருக்கு இருதயத்தை மறுக்காதிருக்கவும் செய்யும். அங்கே பெய்யும் மழையில் முறுமுறுக்காமல் நடக்கும் வழியை அவர்களுக்குக் காட்டும். ஏங்கி அழும் இரவுகளில் அவர்கள் அருகில் இரும். அவர்கள் ஜன்னல் எங்களை நோக்கித் திறந்திருக்கட்டும்; அவர்கள் கைகள் அந்த ஊரின் நலத்துக்காக உழைக்கட்டும். எங்களையும் நீர் வைத்த இடத்தில் முழு மனதோடு நிற்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.